நெல் காயும் வீதியில் மோட்டார் சைக்கிள்

மாசி மாதத்தில் ஏ-35 வீதியின் ஒரு பாதிதான் வாகனங்களுக்கு. மற்றப் பாதியில் நெல் காயும். பரந்தன் சந்தியில் ஏ-9 ஐ விட்டுப் பிரிந்து முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று முல்லைத்தீவு வரை கிழக்கே போகும் வீதி இது. காலபோக அறுவடை முடிந்த வாரங்களில் தார் தெரியாத அளவுக்கு நெல் பரவிக் கிடக்கும் இடங்கள் இதில் உண்டு. வாகனம் ஏறிவிடாதபடி நெல்லின் விளிம்பில் கல்லோ மரக்குற்றியோ பழைய ரயரோ வரிசையாக வைத்திருப்பார்கள். நடுவில் ஒருவர் காலை இழுத்து இழுத்து நடந்து நெல்லில் வரி போட்டுக் கிளறிக்கொண்டிருப்பார். வீதியில் என்ன வருகிறது என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

கமக்காரரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. வெட்டு மெசின் ஒரே நாளில் வயலை வெட்டி மூட்டையாக்கித் தந்துவிடுகிறது. அந்த நெல்லில் ஈரம் இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனுக்கு மேற்பட்ட நெல்லை எடுக்காது. தனியார் வியாபாரி எடுப்பார், ஆனால் விலையை ஈரத்தைச் சொல்லியே இறக்குவார். முற்றத்தில் பத்து மூட்டையைக் காயப்போடலாம். பத்து ஏக்கர் நெல்லை எங்கே போடுவது? வெயிலில் சுடும், தட்டையான, அகலமான தரை ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதற்குப் பெயர் ஏ-35.

நெல் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டால் மிச்சப் பாதியில் இரு திசை வாகனங்களும் போக வேண்டும். பஸ்ஸும் டிப்பரும் அங்கே ஒதுங்குவதில்லை; ஒதுங்குவது மோட்டார் சைக்கிள்தான். ஒதுங்கும் இடத்தில் என்ன இருக்கிறது? வண்டியைக் கவிழ்க்கும் கல் இருக்கிறது, அல்லது ரயருக்கு அடியில் உருளும் நெல்மணி இருக்கிறது. காய்ந்த நெல்லின் மேல் சாய்ந்தபடி திரும்பினாலும் பிறேக் பிடித்தாலும் முன் சில்லு வழுக்கும். ஏற வேண்டி வந்துவிட்டால் வண்டியை நேராகப் பிடித்து, பிறேக்கைத் தொடாமல், வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் கடந்து போவதுதான் ஒரே வழி. அதற்கும் முதலே வேகத்தைக் குறைத்திருந்தால்தான் உண்டு.

வன்னிக் குடும்பம் ஒன்று வாங்கும் முதல் வாகனம் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது எம்.டி.90, சி.90 வகை வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் சிறு போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். புகைத்துக்கொண்டு ஓடிய அந்த வண்டிகளை வேகமாக ஓட்ட இயந்திரமும் விடாது, குண்டும் குழியுமான வீதியும் விடாது. 2002இல் ஏ-9 திறந்த பிறகு அங்கே புலிகளின் பொலிஸார் வேகத்தை அளந்து தண்டம் அறவிட்டார்கள். தெற்கிலிருந்து வந்த சாரதிகளும் வன்னிக்குள் அடங்கி ஓடினார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் வந்த மாற்றம் வேகமானது. லீசிங்கில் இந்திய வண்டிகள் வந்தன. வீதிகள் காப்பெற் ஆயின. ஆசிரியையும் தாதியும் சமுர்த்தி உத்தியோகத்தரும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வீதியின் வேகம் மாறியதே தவிர வீதியோரத்து வாழ்க்கை மாறவில்லை. ட்ரக்டர் அதே ஒழுங்கையிலிருந்துதான் ஏறுகிறது, மாடு அதே இடத்தில்தான் படுக்கிறது, நெல் அதே வெயிலில்தான் காய்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நடுவில் 2022 வந்தது. கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் பெற்றோல் அடித்த வருடம். உதிரிப்பாகம் விலை ஏறிய அந்த வருடங்களில் ரயரைத் தேயத் தேய ஓட்டிப் பழகியவர்கள் இன்னும் அந்தப் பழக்கத்திலிருந்து முற்றாக மீளவில்லை. வன்னியில் ஓடும் பல வண்டிகள் பத்து வயதைத் தாண்டியவை.

இலங்கையில் பதிவான வாகனங்கள் 80 இலட்சத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். வீதி விபத்துகளில் வருடந்தோறும் 2000க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். 2018இல் அந்தத் தொகை 3000ஐயும் தாண்டியது. இறப்பவர்களில் மிகப் பெரிய பிரிவினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

விபத்து என்றவுடன் ஊரில் வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "பெடியள் கண்மண் தெரியாமல் ஓடுறாங்கள்." அதில் உண்மை இல்லாமல் இல்லை. இரவில் குடித்துவிட்டுத் தனியே போய் மதகில் மோதுபவருக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு வாகனத்தோடு மோதும் விபத்துகளைத் தனியே பிரித்துப் பார்த்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள்.

இந்தத் துறையில் இன்றைக்கும் பேசப்படும் ஆய்வு, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹரி ஹர்ட் 1981இல் வெளியிட்டது. அவருடைய குழு லொஸ் ஏஞ்சலிஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. மேலும் 3,600 பொலிஸ் அறிக்கைகளைப் படித்தது. இரண்டு வாகனங்கள் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டில், மோட்டார் சைக்கிளுக்கு விட வேண்டிய வழியை மற்றச் சாரதி விடவில்லை. மிகுதியாக நடந்தது, எதிரே வந்த கார் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே திரும்பியது. அங்கே வலப்பக்கம் ஓடுவதால் அது இடப்பக்கத் திருப்பம். நமக்கு வலப்பக்கத் திருப்பம். அந்த விபத்துகளின் போது வண்டிகள் பறந்துகொண்டும் இருக்கவில்லை. ஆபத்துத் தோன்றுவதற்கு முந்திய வேகத்தின் நடு அளவு மணிக்கு 48 கிலோமீற்றர்தான். ஆபத்துத் தோன்றியதற்கும் மோதியதற்கும் இடையில் கிடைத்த நேரம் இரண்டு செக்கனிலும் குறைவு.

பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை எடுத்துப் பார்த்த பின்னைய ஐரோப்பிய ஆய்வும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னது. விபத்துகளில் பாதியில் முதற்காரணம் மற்றச் சாரதியின் தவறு. அந்தத் தவறுகளில் பத்துக்கு ஏழுக்கு மேல், மோட்டார் சைக்கிள் வருவதைச் சாரதி உணராதது. "நான் அவரைக் காணவே இல்லை" என்று விபத்தின் பின்னர் சாரதி சொல்வது பல வேளைகளில் பொய்யல்ல.

கண் திறந்திருந்தும் ஏன் காணாமல் போகிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. எல்லாம் ஒன்றோடொன்று கூடித்தான் வேலை செய்கின்றன.

முதலாவது, மூளை எதை எதிர்பார்க்கிறதோ அதைத்தான் முதலில் தேடும். அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 56 பேருக்கு வீதிக் காட்சிகளின் படங்களைக் காட்டினார்கள். சிலவற்றில் எதிர்பாராதவிதமாக ஒரு டாக்சி இருந்தது, சிலவற்றில் மோட்டார் சைக்கிள். டாக்சியைத் தவறவிட்டவர்கள் 31 வீதம். மோட்டார் சைக்கிளைத் தவறவிட்டவர்கள் 65 வீதம். 2018இல் வந்த முடிவு இது. அடுத்த வருடம் பிரித்தானியாவின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் விசித்திரமானது. வாகனம் ஓட்டுவது போன்ற பாவனைக் கூட்டில் சாரதிகளை இருத்தி, கண் எங்கே போகிறது என்று அளந்தார்கள். மோட்டார் சைக்கிளை நேராகப் பார்த்தவர்களிலும் சிலர், சில செக்கன்களின் பின் கேட்டபோது, அப்படி ஒன்று வந்த நினைவே இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் பார்த்து முடிப்பதற்குள் முதற்பக்கம் பார்த்தது நினைவிலிருந்து விழுந்துவிட்டது. இதற்கு அந்த ஆய்வாளர்கள் சொன்ன மருந்து, மோட்டார் சைக்கிளைக் கண்டவுடன் "பைக்" என்று வாய்விட்டுச் சொல்வது. நம் மினிபஸ் மிதிபலகையில் தொங்கும் நடத்துநர் "பொறு, சைக்கிள் வருது" என்று கத்துவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. கத்த ஆளில்லாத டிப்பரில் சாரதி தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது, அளவு. கையை முழுதாக நீட்டிப் பெருவிரலை நிமிர்த்திப் பிடித்தால் அதன் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு பாகை. 60 மீற்றர் தொலைவில் நேரே வரும் மோட்டார் சைக்கிள் அந்த விரலின் மூன்றில் ஒரு பங்கை மறைக்கும், அவ்வளவுதான். சிறியது தூரத்தில் இருக்கிறது என்றும் மெல்ல வருகிறது என்றும் கண் கணக்குப் போட்டுவிடும். அதே வேகத்தில் காரும் மோட்டார் சைக்கிளும் வந்தால், மோட்டார் சைக்கிள் பிந்தி வரும் என்றே பலரும் கணிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட பிழை இது. கண்ட பின்னும் சாரதி திரும்புவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, முன் கண்ணாடியின் இரு கரையிலும் நிற்கும் தூண். திரும்பிக்கொண்டிருக்கும் வாகனமும் வந்துகொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளும் மோதும் பாதையில் இருந்தால், சாரதியின் கண்ணுக்கு அந்த வண்டி இடம் மாறாமல் ஒரே திசையில் நிற்கும். முதலில் தூணுக்குப் பின்னால் இருந்தது கடைசி வரை தூணுக்குப் பின்னாலேயே இருக்கும். கண்டக்ரர் சீட்டுப் பக்கத்தில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் பஸ்ஸில் மறைப்பு இன்னும் அகலம்.

இவற்றை ஏ-35இல் ஒரு ட்ரக்டரின் மேல் ஏற்றிப் பார்ப்போம். பெட்டி பூட்டிய ட்ரக்டர் ஒன்று எதிரே வருகிறது. வலப்பக்கம் வயல் ஒழுங்கைக்குள் திரும்பப் போகிறது. நீங்கள் 60 மீற்றர் தொலைவில், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில். உங்களுக்கு அந்த இடத்தை அடைய 3.6 செக்கன். ட்ரக்டரும் பெட்டியும் சேர்ந்து ஏழெட்டு மீற்றர் நீளம்; உங்கள் பாதையின் அகலத்தையும் கூட்டினால் அது கடந்து முடிக்க வேண்டியது 11 மீற்றர். நடையைவிடக் கொஞ்சம் கூடிய 8 கிலோமீற்றர் வேகத்தில் அதற்கு 5 செக்கன் வேண்டும். ட்ரக்டரின் முன்பகுதி ஒழுங்கைக்குள் போயிருக்கும். நீங்கள் வந்து சேரும் இடத்தில் பெட்டி நிற்கும். நிறுத்தலாமா? கண்டு, புரிந்து, பிறேக்கைப் பிடிக்க ஒன்றரைச் செக்கன் என்றால் 25 மீற்றர் போய்விடும். நல்ல ரயரும் நல்ல தாரும் இருந்தால் நிறுத்த இன்னும் 23 மீற்றர். மொத்தம் 48. தப்புகிறீர்கள், 12 மீற்றர் மிச்சத்தில். 80இல் வந்திருந்தால் தேவை 74 மீற்றர். 40இல் என்றால் 27 போதும்.

இந்தக் கணக்கில் நெல்மணி இல்லை, தேய்ந்த ரயர் இல்லை, பின்னால் இருக்கும் மனைவியும் பிள்ளையும் இல்லை.

ட்ரக்டருக்குப் பின்னால் போகும்போது வேறு ஆபத்து. வைக்கோலோ மூட்டையோ ஏற்றிய பெட்டி சாரதியை உங்களிடமிருந்து முழுதாக மறைக்கும். அவர் காட்டும் கை உங்களுக்குத் தெரியாது. இயந்திரச் சத்தத்தில் உங்கள் ஹோர்ன் அவருக்குக் கேட்காது. அவர் வலப்பக்கம் வெட்டும் அந்தக் கணத்தில் நீங்கள் ஓவர்ரேக் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். வயல் வேலை தெரிந்த ஓட்டுநர்கள் தாரைப் பார்த்தே இதை முன்கூட்டி அறிகிறார்கள். வீதியில் சேற்றுக் கட்டிகள் சிதறிக் கிடந்தால், கிட்டடியில் ஒரு வயல் வழியோ வாய்க்கால் கரைக் கிறவல் வீதியோ இருக்கிறது. ட்ரக்டர் வேகத்தைக் குறைத்தால் அது உங்களுக்கு வழி விடுகிறது என்று எண்ணாமல், திரும்பப் போகிறது என்று எண்ணுவதே உயிருக்கு நல்லது.

முரசுமோட்டைக்காரருக்கென்றே ஒரு ஆபத்தைச் சூரியன் வைத்திருக்கிறது. இதை யாரும் பேசிக் கேட்டதில்லை. ஏ-35 பொதுப் போக்கில் மேற்கிலிருந்து கிழக்கே, சற்றுத் தென்கிழக்காக ஓடுகிறது. காலையில் முரசுமோட்டையிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களில் அநேகர் மேற்கே, பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் போகிறார்கள். மாலையில் கிழக்கே திரும்புகிறார்கள். ஆகவே இரண்டு வேளையும் வெயில் அவர்களுக்கு முதுகில். கண் கூசாது, வீதி தெளிவாகத் தெரியும், ஓட்டுவது சுகமாக இருக்கும். எதிரே வரும் சாரதிக்கோ இரண்டு வேளையும் சூரியன் நேரே முகத்தில். தூசி படிந்த கண்ணாடியில் அந்த வெளிச்சம் பட்டால் முன்னால் வெள்ளைத் திரைதான். அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வருவது அவருக்குத் தெரியாது. தன் கண்ணுக்கு எல்லாம் தெரிவதால், மற்றவருக்கும் தான் தெரிவதாக ஓட்டுபவர் நம்பிவிடுகிறார்.

இதை அறிய எளிய வழி நிழல். உங்கள் நிழல் நீளமாக உங்களுக்கு முன்னால் விழுந்தால், எதிரே வருபவர் உங்களைக் காணவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீதி தென்கிழக்காகச் சாய்ந்து ஓடுவதால் காலைக் கூச்சம் மார்கழி, தை மாதங்களில்தான் மிக மோசம். அப்போது சூரியன் தென்கிழக்கே, ஏறக்குறைய வீதியின் முனையிலேயே உதிக்கிறது. மாலைக் கூச்சம் ஆனி, ஆடியில். முன்னது காலபோக அறுவடை தொடங்கும் நேரம், பின்னது சிறுபோக வேலை நேரம். ட்ரக்டர்கள் வீதிக்கு ஏறுவதும் அப்போதுதான்.

இனி ஓட்டுபவர் செய்யக்கூடியவை. முதலில் வெளிச்சம். பகலிலும் முன் லைற்றை எரிய விடுவது பற்றி மலேசியாவில் நடந்த ஆய்வு தெளிவானது. 1992இல் அங்கே அது சட்டமாக்கப்பட்ட பிறகு, வண்டி கண்ணில் படாததால் நடந்த விபத்துகள் ஏறக்குறைய 29 வீதம் குறைந்தன. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளின் லைற்றை அணைக்கவே முடியாது. நம் ஊரில் பகலில் லைற் எரிந்தால் எதிரே வருபவர் அக்கறையோடு விரல்களைக் குவித்து விரித்து, "லைற் எரியுது, நிப்பாட்டு" என்று காட்டுவார். அவருக்குத் தலையாட்டிவிட்டு எரியவிட்டே போகலாம். அவர் உங்களைக் கண்டுவிட்டார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அடுத்தது நிறம். நியூசிலாந்தின் ஓக்லண்ட் பகுதியில் 1990களில் சேர்த்த தரவை வைத்து 2004இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஆய்வின்படி, ஒளி தெறிக்கும் அல்லது பளீரிடும் உடை அணிந்தவர்களுக்கு ஆபத்து 37 வீதம் குறைவு; கறுப்புத் தலைக்கவசத்தோடு ஒப்பிட்டால் வெள்ளைத் தலைக்கவசக்காரருக்கு 24 வீதம் குறைவு. வெள்ளைத் தலைக்கவசத்துக்குக் கறுப்பைவிடக் காசு கூடவில்லை. கடைகளில் விற்றுத் தீர்வது என்னவோ கறுப்புத்தான்.

தலைக்கவசம் விபத்தைத் தடுக்காது. விழுந்த பின் உயிரைக் காக்கும். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிய மதிப்பீடு, அது இறப்பை 42 வீதத்தாலும் தலைக்காயத்தை 69 வீதத்தாலும் குறைப்பதாகச் சொல்கிறது. ஆனால் பட்டி பூட்டியிருக்க வேண்டும். பொலிஸைக் கண்டால் மட்டும் முழங்கையிலிருந்து தலைக்கு ஏறும் தலைக்கவசமும், பட்டி தொங்கத் தொங்கப் போடும் தலைக்கவசமும் முதல் மோதலிலேயே ஆளை விட்டுப் பறந்துவிடும். 2015இல் முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசங்களைத் தடுக்கப் பொலிஸார் முனைந்து, விடயம் நீதிமன்றம் வரை போனது. கொள்ளையரைப் பிடிக்கும் அவசரத்தில் தாடையைக் காக்கும் ஒரே தலைக்கவசத்தைக் குறிவைத்தது சரியான தெரிவாக எனக்குப் படவில்லை. கவசத்துக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக் கதைத்துக்கொண்டு ஓடுவதை அன்றைக்கு அதே கண்டிப்போடு பிடித்திருக்கலாம். ஓட்டும்போது போனைப் பாவிப்பவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கவனமில்லாத சாரதி என்று நாம் திட்டும் ஆட்களில் மோட்டார் சைக்கிள்காரரும் உண்டு.

எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவது பிறேக். ஹர்ட் ஆய்வில் அகப்பட்ட ஓட்டுநர்களில் 92 வீதமானோர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். தாமாகவோ உறவினர், நண்பரிடமோ பழகியவர்கள். ஆபத்து வந்தபோது அவர்கள் பின் பிறேக்கை மிதித்துச் சில்லை இழுபட வைத்தார்கள், முன் பிறேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. நம் ஊரிலும் இதே கதைதான். மோட்டார் சைக்கிள் பழக்கும் அண்ணன் முதலில் சொல்லிக்கொடுப்பது, "முன் பிறேக்கைத் தொடாதை, தூக்கி எறியும்." மணலிலும் நெல்லிலும் வண்டி சாய்ந்திருக்கும்போதும் அது சரி. நேரான காய்ந்த தாரில் அது தவறு. பிறேக் பிடித்தவுடன் பாரம் முன் சில்லுக்கு வருகிறது, நிறுத்தும் பலத்தின் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. சடுதியாக அமுக்காமல், இறுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டி, பின் பிறேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழக வேண்டும். விளையாட்டு மைதானத்தில் ஒரு பின்னேரம் செலவழித்தால் கை பழகிவிடும். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு எட்டு வடிவில் ஓடிக் காட்டுவது மெதுவாக ஓடும்போது விழாமல் இருக்கத்தான் உதவும்.

வீதியில் எந்த இடத்தில் ஓடுவது என்பதும் ஒரு தெரிவு. வாகன வரிசைக்குப் பின்னால் இடக்கரையை ஒட்டியே போனால், எதிரே வலப்பக்கம் திரும்பக் காத்திருப்பவருக்கு நீங்கள் முன் வாகனத்தின் மறைவில் இருப்பீர்கள். அது கடந்தவுடன் வழி வெறுமையாக இருப்பதாக அவர் எண்ணுவார். இடைவெளி விட்டு, அவருடைய கண்ணுக்குத் தெரியும்படி உள்ளே தள்ளி வர வேண்டும். பின்னால் பெரிய வாகனம் நெருக்கினால் கரைக்குத் திரும்பலாம். திரும்பக் காத்திருக்கும் வாகனத்தில் எதைப் பார்ப்பது? சாரதியின் முகத்தை அல்ல. அவர் உங்களை நேரே பார்த்தும் காணாமல் இருக்கலாம் என்பதை மேலே கண்டோம். முன் சில்லைப் பாருங்கள். வாகனத்தின் உடல் அசைவதற்கு முன்பே சில்லு திரும்புவது தெரிந்துவிடும். அந்த இடத்தில் விரல்கள் ஏற்கெனவே பிறேக்கின் மேல் இருந்தால், ஒன்றரைச் செக்கனில் ஒரு பகுதி மிச்சம். 60 கிலோமீற்றர் வேகத்தில் அரைச் செக்கன் என்றால் 8 மீற்றர்.

இரவில் கணக்கு வேறு. பழைய வண்டியின் தாழ்த்திய லைற்றில் 30, 40 மீற்றருக்கு மேல் எதுவும் சரியாகத் தெரியாது. நிறுத்த 48 மீற்றர் வேண்டிய வேகத்தில் போகிறவர், தன் வெளிச்சத்துக்கு வெளியே, தெரியாத இடத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார். அந்த இருட்டில்தான் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கின்றன. மழைக்காலத்தில் வயலும் வெளியும் ஈரம், தார் சூடு. மாடு வேறெங்கே போகும்? எதிர் வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடித்த அடுத்த கணத்தில் ஒரு எருமை கறுப்பாகக் கிடக்கும். பின் லைற் இல்லாத ட்ரக்டர் பெட்டியும் அப்படித்தான், நெல்லை அள்ளிய பின் எடுக்க மறந்துபோன கல் வரிசையும் அப்படித்தான். இங்கே தலைக்கவசத்தின் நிறம் உதவாது. 40க்குள் ஓடுவதுதான் உதவும்.

விழுந்துவிட்டால், 1990. அந்த இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018 முதல் வடக்கிலும் இருக்கிறது. விழுந்தவரை ஓட்டோவுக்குள் மடக்கி ஏற்றிப் பறக்கும் பழைய அவசரம் முள்ளந்தண்டைச் சிதைத்துவிடக்கூடும். மூச்சு சீராக இருந்தால் தலைக்கவசத்தைக் கழற்றாமல், வாகனங்களை மறித்து நின்று காத்திருப்பது மேல்.

இத்தனையும் ஓட்டுபவரின் தலையில் சுமத்தியவை. நியாயமாகப் பார்த்தால் பாதியைத்தான் அவர் சுமக்க வேண்டும். மலேசியாவில் கூட்டாட்சி நெடுஞ்சாலையோரம் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். விபத்துகள் கணிசமாகக் குறைந்தன. ஏ-35க்கு அதைக் கேட்பது பேராசை. ஆனால் ட்ரக்டர் பெட்டியின் பின்பக்கம் சிவப்பு ஒளித்தெறிப்புப் பட்டி ஒட்டுவதற்குக் கொழும்பு அனுமதி தேவையில்லை. பெட்டிக்குக் காற்றடிக்கும் கடையிலேயே ஒட்டிவிடலாம். வீதி மறிப்பில் அனுமதிப்பத்திரமும் தலைக்கவசமும் பார்ப்பவர்கள் பெட்டியின் பின் லைற்றையும் பார்க்கலாம். நெல்லுக்குத் தேவை உலரவிடும் தளம். பொது நோக்கு மண்டபத்துக்கு அடிக்கல் நாட்ட வருபவர்களிடம், மண்டபத்துக்குப் பதிலாக அரை ஏக்கர் சீமெந்துத் தளம் கேட்டால் ஊருக்கு இரட்டை இலாபம்: அது வருடம் முழுவதும் பிள்ளைகள் விளையாடவும் சைக்கிள் பழகவும் இருக்கும்.

இதற்குப் புதிதாகச் சபை கூட்டவும் வேண்டாம். இரணைமடுக் குளத்தின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. மாவட்டச் செயலாளர் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல சேவைகள் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் இருந்து எத்தனை ஏக்கர், தண்ணீர் திறப்பது எப்போது, விதைப்பின் கடைசி நாள் எது, மாடுகளைக் கட்டுவது எந்தத் திகதியிலிருந்து என்று முடிவெடுக்கிறார்கள். பயிரைக் காப்பதற்காக மாட்டைக் கட்டும் காலம் அறுவடையோடு முடிகிறது. அதன் பின் மாடுகள் அவிழ்த்து விடப்படுகின்றன. நெல் வீதிக்கு வருவதும் அந்தக் கிழமைகளில்தான். அதே கூட்டத்தில், அதே கமக்காரரிடம், மாலை ஆறு மணிக்குப் பின் மாட்டை வீதியில் விடக்கூடாத காலத்தையும், நெல் பரவும் இடங்களையும், கல்லை அகற்ற வேண்டிய நேரத்தையும், பட்டி ஒட்டாத பெட்டிக்கு என்ன தண்டம் என்பதையும் எழுதலாம். குறிப்பெடுக்கும் உத்தியோகத்தருக்கு நான்கு வரி கூடுதல் வேலை. அதை யார் முதலில் எழுந்து கேட்பது என்பதுதான் மிச்சம். கூட்டத்துக்கு வருபவர்களில் அநேகர் மோட்டார் சைக்கிளில்தான் வந்து இறங்குகிறார்கள்.